சாமி கேட்ட சாராயம்

என் மகன் ஏழுமலை இன்று காலை சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வீராம்பட்டினத்து அம்மன் புண்ணியத்தில் அவன் உயிரோடு இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவதெல்லாம் நாங்கள் பயந்த கதை. நான் எட்டாவது வரை படித்தவன், மில்லில் தறி ஓட்டுகிறவன். டாக்டர்கள் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். வேறு ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் எங்களைப் போலத் தடுமாறாமல் இருக்கட்டும்.

நாங்கள் முதலியார்பேட்டையில் குடியிருக்கிறோம். ஏழுமலை ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் மில்லிலேயே பதிலியாகப் போய்க்கொண்டிருந்தான். நிரந்தர ஆள் வராத நாளில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். இருபத்திரண்டு வயது. கேரம் போர்டு ஆடுவான், அக்கா புருஷனைக் கிண்டல் பண்ணுவான், எல்லா வீட்டுப் பிள்ளை மாதிரிதான். அப்புறம் பேச்சு குறைந்தது. குளிப்பது குறைந்தது. மாடியில் போய் உட்கார்ந்துகொண்டு உதட்டை மட்டும் அசைப்பான். கூட்டாளிகளோடு கஞ்சா பிடிக்கிறான் என்று மில்லில் ஒருவர் சொன்னார். சாராயமும் உண்டு. எங்கள் ஊரில் சாராயத்தைத் தேடிப் போகவா வேண்டும், பால் வாங்கப் போகிற வழியில் ரெண்டு கடை இருக்கும்.

ஒருநாள் அவன் அம்மா அஞ்சலை கேட்டாள். "யார்கிட்டடா பேசிக்கினு இருக்க?"

"முனிகிட்டதாம்மா. கூப்புடுது. நான் இன்னா பண்ணட்டும்?"

இதைக் கேட்டு நாங்கள் பயந்திருக்க வேண்டும். எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் குலதெய்வம் முனீஸ்வரன். கருவடிக்குப்பத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பு ஓரத்தில் கட்டடம் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார், ஒரு கல்லும் மூணு வேலும்தான். பங்காளிகள் ஐந்து வீடு. ஆடி மாதம் படையல் போடுவோம். கறிக்குழம்பு, சுருட்டு, சாராயம் எல்லாம் உண்டு, முனி அதையெல்லாம் ஏற்கிறவர். சாமி வந்து ஆடுவது எங்கள் அப்பா. அவர் போன பிறகு யார் மேலும் சாமி வரவில்லை. வருஷா வருஷம் உடுக்கை அடித்து அடித்து, பூசாரியான என் பெரியப்பா மகன் கோவிந்தன் அண்ணனுக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். குலதெய்வம் வாய் திறக்காத வம்சம் என்று பெண் கொடுத்த இடத்தில்கூடக் குத்திக் காட்டினார்கள். அந்த நிலையில் பிள்ளை வந்து முனி பேசுகிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கோவிந்தன் அண்ணன் மறுநாளே மாலையோடு வந்தார். "ஒங்கப்பன் எடம் காலியாவே கெடந்துதுடா. பேரன் புடிச்சிக்கினான்." பங்காளிகள் வந்து என் மகனிடம் விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் "முனி கேக்குது" என்றால் சாராயம் வாங்கி வந்து, பித்தளை டம்ளரில் ஊற்றி, விளக்குக்கு முன்னால் வைப்போம். அவன் எடுத்துக் குடிப்பான். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்போம். குடிகாரப் பிள்ளையை அடிக்கிற வீடு உண்டு, துரத்துகிற வீடு உண்டு. கும்பிட்ட வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அப்பா மேல் வந்த சாமிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. அப்பாவுக்கு உடுக்கை அடித்தால் வரும். நாலு பேருக்கு நல்ல வார்த்தை சொல்லும். தண்ணீர் கொடுத்தால் மலையேறிவிடும், அவர் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு வெற்றிலை கேட்பார். ஏழுமலைக்கு வந்தது மலையேறவே இல்லை. ராத்திரி பகல் இல்லாமல் அவனை மட்டும் திட்டியது. சோற்றில் விஷம் இருக்கிறது என்றது. ஒருநாள் அவன் அம்மாவைப் பார்த்து, "இவ ஒங்கம்மா இல்லன்னு சொல்லுது" என்றான். அஞ்சலை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

ஒரு நண்பகலில் அவன் வீராம்பட்டினம் போய், போட்ட சட்டையோடு கடலில் நடந்தான். வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்து இழுத்துப் போட்டார்கள். நான் ஓடிப் போனபோது மணலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வாயெல்லாம் உப்பு. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

"முனி வரச் சொல்லிச்சாம்" என்று சொன்னேன்.

இழுத்துப் போட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி கடல்லேர்ந்து கரைக்கு வரும்யா. எந்த சாமி கரைலேர்ந்து கடலுக்கு இட்டுக்கினு போவும்? புள்ளைய ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ."

அவன் சோற்றை மறுக்க ஆரம்பித்தபோதே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தோம். குடியை விட்டுவிட்டு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். குடிக்கச் சொல்வதே அந்தக் குரல்தான் என்றால் எதை முதலில் விடுவது? இந்தத் தடவை ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். மனநோய்ப் பிரிவு வராந்தாவில் நீள பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் தன் மகளின் இடுப்பைத் தன் முந்தானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து ஏழுமலையிடம் கொடுத்தாள். விஷம் என்று மறுக்கிறவன் அதை வாங்கிச் சாப்பிட்டான். அந்த அம்மாள் யாரென்று எனக்குத் தெரியாது. இன்றும் விளக்கேற்றும்போது அவள் மகளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். அன்றே வார்டில் சேர்த்தார்கள். முதல் சில நாட்கள் நரகம். பழகின சாராயம் திடீரென்று நின்றால் உடம்பு அதைக் கேட்டு ஆடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆடியது. கை நடுங்கி டம்ளர் பல்லில் தட்டியது. வேர்த்துப் படுக்கை நனைந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தள்ளித் தள்ளி விரலைத் தேய்த்துக்கொண்டான். பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள், சத்து ஊசி போட்டார்கள். ஊசிக் குழாயைப் பிடுங்காமல் இருக்க மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். சாகப் போகிறவனைத்தான் இப்படிக் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் பாதத்தைப் பிடித்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன். கை மட்டும் கட்டியிருந்தது, கால் சும்மாதான் இருந்தது. பாதத்திலிருந்து கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடுக்கம் அடங்கின பிறகு வேறு விதமான பயம் தொடங்கியது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"குடியினால வர்ற பிரமை குடி எறங்கினா போயிடும். கஞ்சாவினால வர்றதும் அநேகமா போயிடும். ரெண்டும் ஒடம்ப வுட்டுப் போனப்பறமும் கொரல் கேட்டுதுன்னா அது தனி நோய். அதுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்."

"நாங்க இன்னா பண்ணணும்மா?"

"பாத்துக்கினே இருங்க. பாத்தத அப்பிடியே சொல்லுங்க."

அதற்கு நடுவே பரிசோதனைகள். ரத்தம் எடுத்தார்கள், மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள், தலையில் கம்பிகள் ஒட்டி, காகிதத்தில் கோடு கோடாக வருகிற ஒரு மிஷினில் படுக்க வைத்தார்கள். வலிப்பு, கட்டி எதுவும் இல்லை என்று உறுதி பண்ணத்தான் அது. இல்லை என்றார்கள். என் வேலை அவன் உதட்டைப் பார்ப்பது. இப்படி ஒரு வேண்டுதலை எந்தத் தகப்பனும் வைத்திருக்க மாட்டான்: தாயே, என் மகன் வெறும் குடிகாரனாக இருக்கட்டும். குடிகாரன் என்று ஊர் சொல்லட்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

மகள் சோறு கட்டிக்கொண்டு வருவாள். தம்பிக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாட்டை வறுத்து, முதல் வாயை அவளே அவன் எதிரில் தின்று காட்டுவாள். அவள் புருஷன் மில் முடிந்து வந்து, எனக்கு முதுகு வலிக்கும் என்று தன் வேட்டியை நாலாக மடித்து ஸ்டூலில் போட்டு வைப்பார். ஒருநாள் காலை ஏழுமலை இட்லி சாப்பிட்டான். "சட்னில உப்பு கம்மி நைனா" என்றான். எத்தனை மாதத்துக்குப் பிறகு உப்பைப் பற்றிப் பேசுகிறான். நான் அழுதுவிடாமல் இருக்க வெளியே பார்த்தேன். திரும்பியபோது மூணாவது இட்லியைப் பிய்த்த கை அப்படியே நின்றிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தான், யாரோ ஜன்னலுக்கு வெளியே கூப்பிட்ட மாதிரி. உதடு அசைந்தது.

உடம்பில் சொட்டு சாராயம் இல்லை. போய்ச் சொன்னேன்.

மனச்சிதைவு நோய் என்று பெயர் சொன்னார்கள், ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா. மூளையில் சில ரசாயனங்கள் முறை மாறுவதால் இல்லாத குரல் இருப்பதாகவே கேட்கும். காதில் பிசகில்லை, பொய்யும் இல்லை, அவனுக்கு நிஜமாகவே கேட்கிறது. கஞ்சாவும் சாராயமும் அந்த நோயைக் கிளறி விடும். நோயின் பயத்தை அடக்க அவன் மறுபடி அவற்றைத் தேடுவான். எனவே ஒன்றை விட்டு ஒன்றுக்கு வைத்தியம் பார்க்க முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அஞ்சலை கேட்டாள். "அப்ப அது எங்க சாமி இல்லீங்களா?"

"சாமி சமாச்சாரம் எனக்குத் தெரியாதும்மா. ஒங்க மாமனார் மேல வந்ததே, அது அவர எப்பவாச்சும் திட்டிச்சா?"

"இல்லீங்க."

"சோறு துன்னாதன்னு சொல்லிச்சா? கடல்ல எறங்குன்னு சொல்லிச்சா?"

அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்க சாமி மேல இந்தப் பழி வேற" என்றாள். முனியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அது.

மருந்தில் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒருநாள் எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். இனிமேல் வைத்தியம் எப்படி நடக்க வேண்டும் என்று சேர்ந்து முடிவு பண்ணுவதாம். டாக்டரம்மா எங்களிடம் கேட்கவில்லை. ஏழுமலையிடம் கேட்டார்.

"நீ சொல்லு. வீட்டுக்குப் போனா எது ஒன்ன மறுபடி இங்க கொண்டாந்து வுடும்?"

அவன் விரலைப் பார்த்துக்கொண்டே, "மாத்திரைய நாக்குக்கு அடில வச்சித் துப்பிடுவேன்" என்றான். டாக்டரம்மா சிரித்தார். "நல்லவேள சொன்ன." வாய் மாத்திரைக்குப் பதிலாக, சில வாரங்களுக்கு ஒருமுறை போடுகிற ஊசி என்று முடிவாயிற்று. அது உடம்பில் தங்கி மெதுவாக வேலை செய்யும். கை கால் விறைக்கலாம், எச்சில் ஊறலாம், அதற்கு ஒரு சின்ன மாத்திரை உண்டு. விறைத்தால் பயந்து ஊசியை நிறுத்திவிடாமல் வந்து சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்ட் கூடாது, தூக்கம் கெட்டால் குரல் ஏறும். கஞ்சாக் கூட்டாளிகள் வந்தால் அவன் அம்மா வாசலில் பேசி அனுப்ப வேண்டும், திட்டி அனுப்பக் கூடாது, திட்டினால் இவன் தேடிப் போவான்.

"மில்லுலேர்ந்து வர்ற வழில கட இருக்குது" என்றான் ஏழுமலை. "வேற தெருவுல போனாலும், காத்து அடிச்சா வாசன முன்னாடியே வந்து நிக்குதும்மா. அதுக்கப்பறம் கால் என்னுது இல்ல."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுமில்ல? வாசன வந்துதுன்னா கடையத் தாண்டி, காத்து வர்ற பக்கமா நட. ரெண்டு அடி போதும், வாசன வுட்டுடும்."

எனக்கு அது குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. அவன் மட்டும் தலையை ஆட்டினான்.

கடைசியாக அவனே சொன்னான். "ஆடிப் படையல் வருது. டம்ளர்ல ஊத்தி மொதல்ல என் கைல தருவாங்க. சாமி பிரசாதம். நான் எப்பிடி வேணாம்னு சொல்றது?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஒங்க சாமிக்கு நீங்க என்ன பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "ஒரு சொட்டு இவன் கைக்கு வரக் கூடாது. அத மட்டும் நீங்க யோசிச்சி சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தோம். ஊசியின் வேலையால் ஏழுமலை சாவி கொடுத்த பொம்மை மாதிரி நடந்தான். மாத்திரை அதைக் கொஞ்சம் தளர்த்தியது. கோவிந்தன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வராத சாமி வந்துது. ஊசி குத்தித் தொரத்திட்ட" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அன்றிலிருந்து எனக்கு இரட்டைப் பயம். ஊசியை விட்டால் நோய். விடாவிட்டால் ஒருவேளை முனியின் கோபம். நோய்தான் என்று மனசுக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து கும்பிட்ட கை, அது வேறு கணக்குப் போடும்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். இந்த வருஷம் சாராயத்துக்குப் பதில் இளநீரும் பானகமும் படைக்கலாமா? அவர் முகம் சிவந்தது. "நீயும் நானும் மாத்தறதா அது? சாமிகிட்டயே கேட்டுடலாம்." பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் பழையபடி சாராயம்.

படையலன்று ஏழுமலையை வீட்டில் விட்டுப் போகலாமா என்று யோசித்தோம். தனியாக விடுவது அதைவிடப் பயம். கூட்டிக்கொண்டுதான் போனோம். சவுக்குத் தோப்பில் கடல்காற்று இரைந்துகொண்டிருந்தது. வாழை இலையில் சோறு, கறிக்குழம்பு, சுருட்டு எல்லாம் வைத்தாயிற்று. ஒருபக்கம் பானகச் செம்பு, ஒருபக்கம் சாராய பாட்டில்கள். பங்காளி வீட்டுப் பெண் குழந்தை ஒன்று பொட்டலத்தை எடுத்தது. அண்ணன் பிரித்தார்.

சிவப்பு.

நான் ஏழுமலையின் உதட்டைப் பார்த்தேன். அசைந்தது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது. சாமியே கேட்டுவிட்டது, இனி எந்த டாக்டரிடம் போவேன்? அண்ணன் பாட்டில்களைத் திறந்து பெரிய செம்பில் ஊற்றினார், நிரம்பினது. வழக்கப்படி வேலுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, டம்ளரை எடுத்தார்.

அப்போது அஞ்சலை முன்னே வந்தாள். அவர் அவளுக்கு மூத்தார் முறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. முனி கல்லுக்குப் பக்கத்தில் பெண்கள் போவதும் எங்களில் வழக்கமில்லை.

"மாமா, சாராயம் கேட்டது யாரு?" என்றாள், தலையைக் குனிந்தபடியே.

"பாத்தியே. சாமிதான் கேட்டுது."

"சாமிதான?"

"சாமிதான்."

"அப்ப சாமியே குடிக்கட்டும் மாமா. முழுசா. அவரு கேட்டத நாம எதுக்குப் பங்கு போடறது?"

சொல்லிவிட்டுக் குனிந்து செம்பைத் தூக்கி, வேல் நட்டிருந்த மண்ணில் சாய்த்தாள். அவசரப்படவில்லை, அபிஷேகம் பண்ணுகிற மாதிரி நிதானமாக. மணல் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

என் சித்தப்பா மகன் ஒருவன், வருஷம் முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருப்பவன், பின்னாலிருந்து முனகினான். "அண்ணி, எங்க பங்கு?"

"ஒனக்கு எந்தப் பூ வந்துது கொழுந்தனாரே?" என்றாள். யாரோ சிரித்தார்கள். கோவிந்தன் அண்ணன் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. டம்ளரை வேட்டியில் துடைத்து, பானகத்தில் முக்கி எடுத்து, முதல் டம்ளரை ஏழுமலையிடம் நீட்டினார். "இந்தா. குடி" என்றார். கண் முனி கல் மேலேயே இருந்தது, அவருக்கும் பயம்தான்.

ஏழுமலை வாங்கிக் குடித்தான். அதற்குள் ஈர மணலிலிருந்து சாராய வாசனை கிளம்பிவிட்டது. காற்று அதை நேராக எங்கள் மேல் கொண்டுவந்து போட்டது. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. அவன் மூக்கு விரிந்ததைப் பார்த்தேன். உதடு அசைந்தது, இந்தத் தடவை சந்தேகமில்லாமல் அசைந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன்.

அவன் என்னைத் தாண்டி, அந்த விறைத்த காலோடு, வேல்களைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாகப் போனான். ஒரு நொடி எனக்கு வீராம்பட்டினம்தான் கண்ணில் வந்தது. ரெண்டு அடி வைத்தான். நின்றான். திரும்பி எங்களைப் பார்த்து நின்றுகொண்டு, காற்று முதுகில் அடிக்க, மூச்சை இழுத்து விட்டான்.

நான் பக்கத்தில் போனேன். "கேக்குதாடா?"

"கேக்குது நைனா. தூரமா."

அப்புறம் இலையைப் பார்த்து, "சோத்த எடுக்கச் சொல்லு, பசிக்குது" என்றான்.

ஊசி இன்னும் போடுகிறோம். பயம் இன்னும் இருக்கிறது. நடுவில் ஒருமுறை தவறி, மறுபடி வார்டில் இருந்துவிட்டும் வந்தான். ஆடி மாதம் பாட்டில்கள் வாங்கிக்கொண்டுதான் போகிறோம், எங்கள் முனிக்குக் குறை வைப்பதில்லை. அஞ்சலைதான் ஊற்றுகிறாள். ஊற்றுவதற்கு முன்னால் அவன் போய்க் கடல் பக்கம் நின்றுகொள்கிறான். நானும் கூடப் போய் நிற்கிறேன்.